நன்றியும் கணக்கும்: நேதாஜியின் அச்சு நாட்டு உறவும் அவருடைய இருவகை வாரிசுகளும்

1. முன்னுரை

போர்க்காலத்தில் ஒரு கொடிய அரசோடு கைகோத்த தந்தையை அவருடைய பிள்ளை எப்படி மதிப்பிடுவது? 1945க்குப் பிந்தைய ஐரோப்பாவில் இந்தக் கேள்வி ஒரு தலைமுறையையே உலுக்கியது. நாஜிகள் பிடித்த போலந்தை ஆண்ட ஹன்ஸ் ஃப்ராங்க் 1946 அக்டோபரில் நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மகன் நிக்லாஸ் ஃப்ராங்க் 1987இல் எழுதிய நூலில் தந்தையை ஈவிரக்கமின்றிக் கண்டித்தார். அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருந்தது கடினமான கேள்விதான், ஆனால் குழப்பமான கேள்வியன்று. தந்தை செய்தது கொலை. அதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை.

ஆசியாவில் நிலைமை வேறு. இங்கே ஜப்பானோடும் ஜெர்மனியோடும் சேர்ந்தவர்களில் பலர் தங்கள் மண்ணை அடிமைப்படுத்திய பேரரசுகளை எதிர்த்தே சேர்ந்தனர். அவர்களுடைய நோக்கம் விடுதலை. அவர்களுடைய கூட்டாளிகளோ விடுதலையின் பகைவர்கள். இந்த முரண்பாட்டின் ஆகப் பெரிய இந்திய எடுத்துக்காட்டு சுபாஷ் சந்திர போஸ்.

போஸுக்கு இருவகை வாரிசுகள் உண்டு. ஒருவர், வியன்னாவில் பிறந்து ஜெர்மனியில் வாழும் அவருடைய ஒரே மகள் அனிதா போஸ் ஃபாஃப். மற்றவர்கள், அவரைத் தங்கள் அரசியல் தந்தையாக வரித்துக்கொண்ட மக்கள். இந்த இரண்டாம் வகையினர் தமிழகத்தில் செறிந்து வாழும் பகுதிகளுள் தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கும். மகளின் மதிப்பீட்டையும் பள்ளத்தாக்கின் நினைவையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. போஸைப் போற்றுவதற்குப் பள்ளத்தாக்கிற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் போற்றுதல், அவருடைய கூட்டணிக்கு விலை கொடுத்தவர்களை, குறிப்பாக மலாயாத் தோட்டத் தமிழர்களை, சேர்த்து நினைக்கும்போதுதான் நேர்மையாகும் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

2. கூட்டணியின் உண்மை வடிவம்

முதலில் நடந்தவற்றை மறைக்காமல் வரிசைப்படுத்த வேண்டும். 1941 சனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து தப்பிய போஸ், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அங்கே சுதந்திர இந்திய மையம் செயல்படத் தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், அக்டோபர் நடுவில், பெர்லின் யூதர்களைக் கிழக்கே நாடுகடத்தும் ரயில்கள் புறப்படத் தொடங்கியிருந்தன. வடஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்தியப் போர்வீரர்களிலிருந்து சுமார் 3,000 பேர் கொண்ட இந்தியப் படையணி ஒன்று ஜெர்மன் ராணுவத்தின்கீழ் அமைந்தது. அதன் உறுதிமொழியில் ஹிட்லரின் பெயரும் போஸின் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றன. 1942 மே மாத இறுதியில் போஸ் ஹிட்லரைச் சந்தித்தார். இந்திய விடுதலைக்கு ஆதரவு தரும் வெளிப்படையான அறிவிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

இதே போஸ், 1936இல் ஐரோப்பாவைவிட்டுப் புறப்படும் வேளையில் ஜெர்மனியில் இருந்த ஒரு கல்வியாளருக்கு எழுதிய கடிதத்தில் நாஜி தேசியத்தின் குறுகிய நோக்கையும் இனச்செருக்கையும் கண்டித்தவர். ஆகவே ஹிட்லர் ஆட்சி எத்தகையது என்பதை அவர் அறியாமல் பெர்லின் போனார் என்று சொல்ல இயலாது. அறிந்தே போனார். பிரிட்டனின் பகைவன் யாராயினும் அவனிடம் உதவி பெறலாம் என்பது அவர் எடுத்த முடிவு. அவர் நாஜிக் கொள்கையை ஏற்றவர் அல்லர் என்பதற்கு அந்தக் கடிதம் சான்று. தெரிந்தே தேர்ந்தார் என்பதற்கும் அதே கடிதம்தான் சான்று. முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவது ஆய்வு நேர்மையாகாது.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, அவர் கிழக்கே வந்தார். சூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் இடைக்கால அரசை அறிவித்தார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இப்படையில் சேர்ந்தனர். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். கங்காணியின் சொல்லுக்குத் தலைகுனிந்து பழகிய மக்கள் முதன்முறையாகக் குடிமக்களாக நிமிர்ந்தனர். இந்த நிமிர்வு உண்மையானது. எந்தக் கணக்கும் அதைச் சிறுமைப்படுத்த முடியாது. 1944இல் இம்பால் படையெடுப்பு தோல்வியடைந்தது. 1945 ஆகஸ்டு 18 அன்று தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் போஸ் இறந்தார் என்பதே கிடைக்கும் சான்றுகள் வலுவாகக் காட்டும் முடிவு.

3. மகளின் வழி

அனிதா பிறந்தது 1942 நவம்பர் 29. தந்தை நீர்மூழ்கி ஏறியபோது குழந்தைக்கு மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. கிளம்பும் முன் தம் அண்ணன் சரத் சந்திர போஸுக்கு வங்காளியில் ஒரு கடிதம் எழுதி, தமக்கு மனைவியும் மகளும் இருப்பதைத் தெரிவித்து, அவர்களை ஏற்குமாறு கேட்டுவிட்டுத்தான் சென்றார். தாய் எமிலி ஷெங்கல் போருக்குப்பின் தொலைபேசி நிலையத்தில் வேலைபார்த்துக் குடும்பத்தைக் காத்தார். 1948இல் சரத் போஸ் வியன்னா சென்று அவர்களைக் கண்டார். அனிதா பொருளியல் படித்து, ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருடைய நிலை தனித்தன்மை வாய்ந்தது. நாஜிக் குற்றங்களைப் பற்றிய விசாரணையும் மனச்சான்றுக் கேள்வியும் நாள்தோறும் ஒலித்த மொழியில் அவர் வளர்ந்தார். இந்தியாவுக்கு வரும்போதோ, தந்தையின் பெயரைச் சொன்னாலே கைகூப்பும் மக்களைக் கண்டார். இரு உலகங்களும் ஒரே மனிதரைப் பற்றி இருவேறு பேச்சுகள் பேசின. இதில் அவர் நிக்லாஸ் ஃப்ராங்கின் வழியில் செல்லவில்லை. கண்மூடிப் புகழும் வழியிலும் செல்லவில்லை. பாசிச அரசுகளிடம் தந்தை உதவி தேடியதை அவர் மறுப்பதில்லை. அது கொள்கை ஒற்றுமையால் அன்று, வேறு எந்த நாடும் உதவ முன்வராத நிலையில் எடுத்த முடிவு என்பது அவர் நிலைப்பாடு. இதை முழுதாக ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கேள்வியை அவர் தவிர்க்கவில்லை என்பதே இங்கு முக்கியம்.

அதைவிட முக்கியமானது, தந்தையின் இறப்பை அவர் ஏற்றுக்கொண்டது. டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் இருக்கும் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும், ஐயம் உள்ளவர்களுக்காக மரபணுச் சோதனையும் செய்யலாம் என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார். இதைத் துயரத்தை முடித்துவைக்கும் ஒரு மகளின் வேண்டுகோளாக மட்டும் காண்பது போதாது. இறந்தவரைத்தான் வரலாறு மதிப்பிட முடியும். திரும்பி வரப்போகிறவர் என்று நம்பப்படுபவரை எதிர்பார்க்கலாம், எடைபோட முடியாது. இறப்பை ஏற்பதே மதிப்பீட்டின் முதல் படி.

பர்மாவில் இதற்கு இணையான ஒரு பிள்ளை உண்டு. ஆங் சான் சூகியின் தந்தை ஆங் சான், ஜப்பானியரிடம் பயிற்சி பெற்று அவர்களோடு பர்மாவுக்குள் நுழைந்தவர். 1945 மார்ச் 27 அன்று அதே ஜப்பானியருக்கு எதிராகப் படையைத் திருப்பினார். 1947இல் அவர் கொல்லப்பட்டபோது மகளுக்கு இரண்டு வயது. சூகி பின்னாளில் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். கியோத்தோ பல்கலைக்கழகத்திற்கே சென்று தந்தையின் ஜப்பானியத் தொடர்புகளை ஆராய்ந்தார். தந்தையே தம் கூட்டணியை முறித்துக்கொண்டதால் சூகியின் வேலை ஓரளவு எளிதாயிற்று. அனிதாவுக்கு அந்த வசதியில்லை. போஸ் கடைசிவரை கூட்டணியில் நின்றவர்.

4. பள்ளத்தாக்கின் பிள்ளைகள்

கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வட்டாரத்திலும் போஸ் என்ற பெயர் வீட்டுப் பெயராகவே வழங்குகிறது. இந்தப் பற்றின் வேர் இரண்டாம் உலகப் போரில் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இருக்கிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். கைரேகை வைக்க வேண்டும்; இரவில் ஊர்ச்சாவடியில் கண்காணிப்பில் கிடக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது.

இச்சட்டத்தை எதிர்த்துப் போராடிய முத்துராமலிங்கத் தேவர், 1939இல் போஸ் அமைத்த ஃபார்வர்டு பிளாக்கில் சேர்ந்து அதன் தென்னாட்டு முகமானார். அந்த ஆண்டு செப்டம்பரில் போஸ் மதுரைக்கு வந்தார். 1952 தேர்தலில் பி.கே. மூக்கையாத் தேவர் ஃபார்வர்டு பிளாக் சார்பில் பெரியகுளம் தொகுதியில் வென்றார். பின்னர் உசிலம்பட்டியில் அடுத்தடுத்து வென்றார். ஆக, இம்மக்கள் போஸைத் தேர்ந்தது பெர்லினையோ டோக்கியோவையோ பார்த்து அன்று. தங்களைக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த அரசை ஆயுதத்தோடு எதிர்த்த ஒருவரை அவர்கள் தந்தையாகக் கண்டனர். வெள்ளையரின் சட்டம் கைரேகையைப் பிடுங்கிய இடத்தில், வெள்ளையரை எதிர்த்து ராணுவ உடை தரித்த ஒருவரின் படம் மானத்தின் அடையாளமானது. இதைப் பாசிச ஆதரவு என்று யாரேனும் எழுதினால் அது அறியாமை.

ஆனால் இந்நினைவுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது போர்க்களத்திலிருந்து வந்த நினைவு அன்று. தேவர் போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். கட்சி மேடைகளில் வளர்ந்த போஸின் உருவத்தில் மலாயாவின் பசியும் பர்மாவின் சேறும் பதியவில்லை. இரண்டாவது, போஸ் உயிருடன் இருக்கிறார் என்று 1950களில் தேவர் பலமுறை பொதுவெளியில் கூறினார். இந்த நம்பிக்கை தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது. 1956இல் ஷாநவாஸ் குழு, 1970களில் கோஸ்லா ஆணையம், 2000களில் முகர்ஜி ஆணையம் எனத் தொடர்ந்த விசாரணைகள் எல்லாம் 'எப்போது, எப்படி இறந்தார்?' என்ற ஒரே கேள்வியைச் சுற்றின. 'அவர் கூட்டணியால் யார் என்ன இழந்தார்கள்?' என்ற கேள்விக்கு மேடையே அமையவில்லை. ரத்த வாரிசு இறப்பை ஏற்று மதிப்பீட்டைத் தொடங்கினார். அரசியல் வாரிசுகள் இறப்பை மறுத்து மதிப்பீட்டைத் தள்ளிப்போட்டனர்.

பள்ளத்தாக்கின் நினைவுமுறையை விளங்கிக்கொள்ள இன்னொரு சான்றும் உதவும். இதே மக்கள் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கையும் தெய்வமாக வணங்குகின்றனர். 1895இல் பெரியாற்று நீரை மேற்கிலிருந்து கிழக்கே திருப்பியவர் அவர். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. பொங்கலன்று அவர் படத்திற்கு முன் பொங்கல் வைக்கின்றனர். ஆங்கிலேயரை எதிர்த்த போஸும் ஆங்கிலேயரான பென்னிகுயிக்கும் ஒரே வீட்டில் இடம்பெறுவது முரண்பாடு அன்று. இங்கே ஒருவரை அளக்கும் கோல் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதன்று. நமக்கு என்ன செய்தார் என்பது. அது நன்றியின் கோல். உயர்ந்த பண்பு அது. ஆனால் அது பெற்றவரின் பக்கத்திலிருந்து மட்டும் அளக்கும். பெரியாற்றுக் காட்டில் அணை கட்டும்போது காய்ச்சலுக்குப் பலியான கூலித் தொழிலாளர்களைப் பொங்கலன்று நினைப்பவர் மிகச் சிலர். போஸின் நினைவிலும் இதேதான் நடந்திருக்கிறது.

5. கணக்கில் வராதவர்கள்

போஸ் சிங்கப்பூரில் இறங்கிய 1943 சூலையில், அங்கிருந்து வடக்கே சயாம்–பர்மா ரயில் பாதையின் வேலை உச்சத்தில் இருந்தது. பான்போங்கிலிருந்து தன்புசயாத் வரை 415 கிலோமீட்டர். நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பலமடங்கு. இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர். நல்ல கூலி, குறுகிய காலம் என்ற வாக்குறுதியாலும், பின்னர் வெறும் பிடித்துக்கட்டலாலும் கொண்டுசெல்லப்பட்டவர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. வெள்ளைக்காரக் கைதிகளிடையே மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர், இறந்தவர் பெயரைக் குறித்துவைக்க ஆள் இருந்தது. தமிழர் கூட்டத்தில் அதுவும் இல்லை. காஞ்சனாபுரியின் போர்க் கல்லறையில் நேச நாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தமிழர்களுக்கு அண்மைக் காலத்தில்தான் அவ்வூரில் ஒரு நடுகல் எழுந்தது.

இந்த ரயில் பாதையைப் போஸ் போடவில்லை. அவர் வருமுன்பே அது தொடங்கியது. ஆனால் அதைப் போட்டவர்கள் அவருடைய கூட்டாளிகள். அவருடைய படையினர் பர்மாவுக்குப் போகவும் திரும்பவும் அந்தப் பாதையைப் பயன்படுத்தினர். கிழக்காசிய இந்தியர்களின் அமைப்பான இந்தியச் சுதந்திரக் கழகத்தில் உறுப்பினராவது பிடித்துக்கட்டலிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தந்தது என்பதும் வரலாறு. ஒரே தோட்டத்தின் ஒரு தமிழன் ராணுவ உடையில் நிமிர்ந்தான். மற்றொருவன் அதே ஜப்பானியரின் தடியடியில் விழுந்தான். இருவரையும் ஒருசேர நினைக்காத வரலாறு அரை வரலாறு.

அந்தமானின் கணக்கும் உண்டு. 1943 டிசம்பர் இறுதியில் போஸ் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடி ஏற்றினார். அதே வேளையில் செல்லுலார் சிறைக்குள் ஜப்பானியரின் வதையில் கிடந்தவர்களின் குரல் அவரை எட்டவில்லை. அங்கிருந்த மருத்துவர் திவான் சிங் 1944 சனவரியில் சித்திரவதையால் இறந்தார். சனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலை பெற்ற முதல் இந்திய நிலம் என்று அறிவிக்கப்பட்ட தீவில், கொடியேற்றிய ஒரு மாத அளவில் இது நடந்தது.

தமிழில் இக்கணக்கை எழுதியவர்கள் இல்லாமலில்லை. ப. சிங்காரம் போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மெடானில் வாழ்ந்து, திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றினார். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதில் தொடங்கி, இந்திய தேசிய ராணுவத்தில் சேரும் தமிழ் இளைஞன் பாண்டியன் வழியே அந்தக் காலத்தின் வீரத்தையும் கொடுமையையும் பிரிக்காமல் காட்டுகிறது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதினார். ஃபார்வர்டு பிளாக் மேடைகள் முழங்கிய அதே மதுரையில் சிங்காரம் இருந்தார். மேடையின் நினைவும் நாவலின் நினைவும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

6. எழக்கூடிய மறுப்புகள்

பிரிட்டன் மட்டும் தூய்மையானதா என்று கேட்கலாம். இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் அளவில் மக்கள் மாண்டனர். பர்மாவிலிருந்து அரிசி அனுப்பப் போஸ் முன்வந்ததை பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. பெருங்காமநல்லூரை நினைக்கும் எவருக்கும் அந்த அரசின் நியாயம் பற்றி மயக்கம் இராது. ஆனால் ஒரு பேரரசின் குற்றம் மற்றொரு பேரரசின் குற்றத்தைக் கழுவாது. பஞ்சத்தில் இறந்த வங்காளிக்காகக் கோபப்படும் நெஞ்சு, காட்டு முகாமில் இறந்த தமிழனுக்காகவும் கோபப்பட வேண்டும்.

அடிமை நாட்டுக்குத் தன் விடுதலைக்காகப் போர்தொடுக்கும் உரிமை உண்டு என்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மீது நடந்த செங்கோட்டை வழக்கில் பூலாபாய் தேசாய் வாதிட்டார். 1946 சனவரியில் ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் மூவரின் தண்டனையும் தளர்த்தப்பட்டது. அந்த வாதம் வலிமையானது, இன்றும் நிற்கிறது. ஆனால் அது தீர்த்துவைத்தது, பிரிட்டிஷ் அரசருக்குச் செய்த துரோகமா என்ற கேள்வியை. அந்தக் கேள்வி நமக்குரியதன்று. நமக்குரிய கேள்வி, நம்மவர் நம்மவருக்குப் பட்ட கடன் என்ன என்பது.

இத்தகைய கேள்விகள் ஒரு சமூகத்தின் மானத்தைக் குலைக்கும் என்ற அச்சமும் உண்டு. அது நியாயமான அச்சம். நெடுங்காலம் இழிவு சுமத்தப்பட்ட மக்களின் அச்சம். ஆனால் அந்த மானம் பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டவர்களின் உறுதியில் பிறந்தது. ஹிட்லரின் கைகுலுக்கலுக்கோ டோக்கியோவின் ஒப்பந்தத்திற்கோ அது கடன்பட்டதன்று. ஆகவே அவற்றை ஆராய்வதால் அது தேயாது.

7. முடிவுரை

பிள்ளை தந்தையை மதிப்பிடுவதற்கு மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது: அவர் நோக்கம் என்ன, அவர் கூட்டாளி யார், விலை கொடுத்தவர் யார். முதல் கேள்வியில் போஸ் தலைநிமிர்ந்து நிற்கிறார். இரண்டாவதில் அவர் தெரிந்தே தவறான இடத்தில் கைகொடுத்தார். மூன்றாவதற்கு அவர் தனியாகப் பதில்சொல்ல முடியாது. அதற்கு அவருடைய வாரிசுகளும் பதில்சொல்ல வேண்டும். தகப்பன் விட்டுப்போன நிலத்தை எடுத்துக்கொள்பவன் அவர் விட்டுப்போன கடனையும் ஏற்க வேண்டும் என்பது நம் ஊர் நியாயம். மகள் தம் பங்கைத் தொடங்கிவிட்டார். பள்ளத்தாக்கு தொடங்கவில்லை.

தொடங்குவதற்கு இம்மண்ணைவிடத் தகுந்த இடமும் இல்லை. கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன் கூலிக்குப் போய்வரும் மக்கள் இங்கே இருக்கின்றனர். எஸ்டேட் வாழ்க்கை என்றால் என்ன, கங்காணி என்றால் யார், மலைக்காய்ச்சல் என்றால் எப்படி என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். சயாம் காட்டில் மாண்ட தமிழர் இவர்களுக்கு அயலார் அல்லர். உத்தமபாளையம், போடி, தேனி, பெரியகுளம் ஆகிய ஊர்களின் கல்லூரி வரலாற்றுத் துறைகள், கிழக்காசியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை, கடைசிச் சாட்சிகளின் பிள்ளைகளேனும் உயிரோடிருக்கும்போது, பதிவுசெய்ய வேண்டும். சனவரி 23 அன்று நேதாஜிக்கு மாலையிடும் மேடைகளில் ரயில் பாதையில் இறந்தவர்களுக்கும் ஹம்ஃப்ரிகஞ்சில் சுடப்பட்டவர்களுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். அது நேதாஜியைக் குறைப்பதாகாது. அவர் விடுவிக்க விரும்பியது அந்த மக்களைத்தான்.